நாலாம் நம்பர் பனியன்

என் அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் போட்டார். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் கம்பெனி. நாங்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. காலையில் மேசைக்கு முன்னால் நின்றாரென்றால் சாப்பாட்டு நேரம் தவிர உட்காரமாட்டார். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் சட்டைகளை நீராவிப் பெட்டியால் தேய்த்து, காலருக்குள் அட்டை வைத்து, கைகளைப் பின்னால் மடக்கி ஊசி குத்தி, பாலித்தீன் உறைக்குள் நழுவ விடுவார். அவர் கை பட்ட சட்டைகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வீடு திரும்பியதும் தன் சட்டையைக் கழற்றிக் கொடியில் எறிந்துவிட்டுக் கைலியோடு உட்கார்ந்துகொள்வார். துணியைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பனியனுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அது என்னுடையது.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது தென்காசிப் பக்கமிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்தோம். அம்மா கைமடி வேலைக்குப் போனாள். தைப்பவர்களுக்குத் துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து வந்த பீஸில் தொங்கும் நூலை வெட்டுவதும் அந்த வேலை. நான் ஒரே பிள்ளை. அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும்போது எங்கள் பி.டி. டீச்சர் என்னைக் கபடிக்கு எடுத்துக்கொண்டார். நான் வேகமாக ஓடுகிறவள் இல்லை. அதை டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பாடிப் போறதுக்கு நீ ஆகமாட்ட கண்ணு. ஆனா உன்ற கைல ஒருத்தி கால் சிக்குச்சுன்னா அவ ஊடு போய்ச் சேரமாட்டா. நீ இடது மூலைல நில்லு."

நின்றேன். நாலு வருஷம் அந்த மூலையிலேயே நின்றேன். எதிரணியிலிருந்து பாடி வருகிறவள் என் பக்கம் கால் நீட்டுவாள். நான் குனிந்து கணுக்காலைப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொள்வேன். அவள் விழும்போது அவளோடு சேர்ந்து நானும் விழுவேன். பிறகு மற்ற ஆறு பேரும் எங்கள் மேல் வந்து விழுவார்கள். மண்ணும் வேர்வையும் மூச்சுமாக அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிற சில நொடிகளில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு எங்கேயும் நான் அனுபவித்ததில்லை. கல்யாணமான பிறகும் இதைத்தான் சொல்வேன்.

பதினொன்றாம் வகுப்பில் மாநில ஜூனியர் அணிக்கு என்னை எடுத்தார்கள். வடக்கே ஒரு ஊரில் போட்டி. இரண்டு நாள் ரயிலில் போனோம். புறப்படுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் மாநிலத்தின் பெயர், அதற்குக் கீழே நம்பர். எனக்கு நாலு. அங்கே மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் ஜெயித்தோம், மூன்றாவதில் தோற்றோம். நான் மொத்தம் ஒன்பது பேரைப் பிடித்தேன். இன்றைக்கும் ஒன்பது பேர் முகமும் ஞாபகம் இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்று அப்பா முதலில் என்னைப் பார்க்கவில்லை, பனியனைத்தான் பார்த்தார். வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலை விரலால் தடவினார்.

"இது நம்மூர்ச் சரக்கு இல்லட்டி. பாலியஸ்டர். தச்சவன் அவசரத்துல தச்சிருக்கான், நூலக்கூட வெட்டல."

அம்மா உடனே தன் பையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். கம்பெனியில் செய்வதைப் போலவே நூல் நூலாக வெட்டி எறிந்தாள். பிறகு அப்பா அதன்மேல் ஈரத்துண்டை விரித்து, சூடு குறைத்து, வீட்டுப் பெட்டியால் தேய்த்தார். நம்பர் மேல் பெட்டி படாமல் ஓரமாகவே போனார். "நம்பர் ரப்பர் பிரிண்ட்டு, சூடு பட்டா ஒட்டிக்கிடும்" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு துணிக்காக இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததே இல்லை. நான் குளிக்கக்கூடப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, பள்ளி மைதானத்தில் பயிற்சியின்போது, ஒரு பெண்ணின் காலைப் பிடித்துக் குனிந்திருந்தேன். அவளைத் தள்ள வந்த இன்னொருத்தி பக்கவாட்டில் என் வலது முட்டியின் மேல் விழுந்தாள். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்தச் சத்தம். நான் பிடித்த காலை விடவில்லை என்று டீச்சர் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னார்.

எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தோம். வீக்கம் வடிந்தது, முட்டி மட்டும் நிற்கவில்லை. நடக்கும்போது திடீரென்று உள்ளே எதுவோ நழுவி, தரை கீழே போவது போல் இருக்கும். கடைசியில் கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் அப்பா கூட்டிப் போனார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உள்ள ஜவ்வு அறுந்திருக்கு. இப்படியே விட்டாலும் நடக்கலாம், வேலை செய்யலாம். விளையாட முடியாது. விளையாடணும்னா ஆபரேஷன் பண்ணித்தான் பார்க்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். படத்தின் உறையை ஒரு கையில் பிடித்திருந்தார். எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும். நாள் முழுக்கப் பெட்டியைத் தூக்கித் தூக்கி, ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைப் பிடிக்கவே தடுமாறும் கை. எனக்காக அது இன்னும் எத்தனை வருஷம் தேய்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. நான் டாக்டரையே பார்த்துக்கொண்டு, "வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்ங்கியா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. எனக்குக் கபடி அலுத்துப்போச்சு. போதும்."

பொய். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். பல்லடம் வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "பசிக்காட்டி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு சரி.

பன்னிரண்டாவது முடித்ததும் நானும் வேலைக்குப் போனேன். செக்கிங். மேசையில் குவிந்து கிடக்கும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலைதான் என்றாலும் மேசையில் சாய்ந்துகொள்ளலாம். மஞ்சள் பனியன் தகரப்பெட்டிக்குள் போய்விட்டது. நான் அதைத் தேடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மஞ்சள்பைக்குள் வைத்துக்கொண்டு, "வாட்டி, கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றார். எந்தக் கடை என்று சொல்லவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. சுவர் முழுக்க முருகனும் லட்சுமியும் கல்யாண ஜோடிகளும். ஓரத்தில், இறந்தவர்கள் படங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பிறந்த தேதியும் மறைந்த தேதியும்.

கடைக்காரர், "எந்தப் படத்துக்குங்க?" என்று கேட்டார்.

"படம் இல்ல. பனியன்" என்று அப்பா பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார்.

கடைக்காரர் என்னையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குப் பொட்டி மாதிரிச் சட்டம் செய்யோணுமுங்க. கண்ணாடி துணி மேல படப்படாது. பின்னாடி ஒட்டிக் குடுத்தர்றனுங்க, காலத்துக்கும் அசையாது."

"ஒட்ட வேண்டாம்" என்றார் அப்பா. "பின்னால தொறந்து மூடுத மாதிரித் தாழ்ப்பா வைங்க. நாலு பக்கமும் திருகுதது. பிள்ளைக்கு வேணும்னா எடுத்துப் போடணும்லா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைக்காரர் எதையோ கேட்கப்போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே பண்ணீர்லாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

சட்டம் தயாராகி வந்ததும் பனியனை உள்ளே வைக்கிற வேலையை அப்பா யாரையும் செய்ய விடவில்லை. கம்பெனியிலிருந்து கழிவு அட்டையும் மெல்லிய வெள்ளைத்தாளும் கொண்டுவந்தார். அட்டையை உடம்பு அளவுக்கு வெட்டிப் பனியனுக்குள் செருகினார். கைகளுக்குள் தாளைச் சுருட்டி வைத்தார். ஒவ்வொரு ஊசியும் வெளியே தெரியாதபடி தையலுக்குள்ளேயே குத்தினார். எல்லாம் முடிந்து கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத யாரோ நெஞ்சை நிமிர்த்தி நிற்பது போலிருந்தது. அம்மா, "ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தாள்.

மாட்டுவதற்குத்தான் பாடாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கார அம்மா முன்வீட்டில் இருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சாமி படத்தைக்கூட நாங்கள் ஷெல்பில்தான் வைத்திருந்தோம். அப்பா போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்க, ஒருத்தருக்கு உட்டா பன்னண்டு ஊட்டுக்காரரும் அடிப்பாங்களேங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியில் முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்தார். "நம்ம பாப்பா போட்டு வெளையாண்டதுங்களா? சரி, ஒரே ஒரு ஆணி. ஓங்கி அடிக்காதீங்க, பூச்சு உதிர்ந்துரும்."

அப்படியாக அது சுவருக்கு ஏறியது. கதவைத் திறந்தால் நேர் எதிரே. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். எந்த ஊர்ப் போட்டி, எத்தனை பேரைப் பிடித்தேன், எல்லாம் சொல்வார். "இப்ப முட்டில சின்ன அடி. சரியாயிரும்" என்று முடிப்பார். நான் அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்தார். குண்டடம் பக்கத்துக்காரர். உள்ளே வந்தவர் சட்டத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையனுங்களா அம்முணி? உனக்கு அண்ணனா, தம்பியா? எப்பத் தவறுனாப்டி?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, "என்னுதுதாங்க்கா" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, நான் ஒரு கூறு கெட்டவ. மனசுல வெச்சுக்காத கண்ணு. நீ நூறு வருசம் இருப்ப." அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் சிரித்துச் சமாளித்து அனுப்பினேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது. காலையில் எழுந்து கண் விழித்தால் எதிரே செத்துப்போன என் படம்.

அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிறு, அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தபோது, நான் நாற்காலி போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினேன். பின்பக்கத் தாழ்ப்பாள் நான்கையும் திருகினேன். ஊசிகளைப் பிடுங்கி, தாளையும் அட்டையையும் உருவிப் போட்டுவிட்டு, பனியனைத் தலைவழியாக மாட்டிக்கொண்டேன். சரியாக இருந்தது. கொஞ்சம்கூட இறுக்கமில்லை. அது எனக்குக் கோபத்தைத்தான் கொண்டுவந்தது. கதவைச் சாத்திவிட்டு, பத்தடிக்குப் பத்தடி அறையின் இடது மூலைக்குப் போய், கையை விரித்துக் குனிந்து நின்றேன். ஒரு அடி முன்னால் வைத்து, வலது முட்டியை மடக்கி, யாருமில்லாத ஒரு காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். முட்டி நழுவியது. கட்டில் காலில் தோள் இடித்துத் தரையில் விழுந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ, கதவு திறந்தபோது அப்பா மட்டும் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள் போல. அவர் பையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தார். தரையில் சிதறிக் கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே என்னால வெளையாட முடியாதுப்பா" என்றேன். அடிபட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது. அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"ம்" என்றார் அப்பா.

"தெரிஞ்சும் எதுக்கு அத மாட்டி வச்சிருக்கீங்க?"

அவர் ஊசி பொறுக்குவதை நிறுத்தவில்லை. "சட்டைய மாத்திக்க. வேர்வையோட வச்சா பூஞ்சை புடிக்கும்" என்றார். நான் மாற்றிக் கொடுத்தேன். அவர் அதை அலசி, நிழலில் காயப்போட்டு, மறுபடியும் தேய்த்து, மறுபடியும் அட்டை வைத்து ஊசி குத்தி மாட்டினார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் "சரியாயிரும்" என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்.

எனக்கு இருபது வயதானபோது பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அவர்களும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அம்மா காலையிலேயே சொன்னாள், "அத எறக்கி வைங்க. வாரவுக என்ன ஏதுன்னு கேப்பாவ. கால் விசயம் பேச்சுல வரும்."

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

"ஒங்களுக்குப் பனியன் பெருசா, பிள்ள பெருசா?"

அப்பா அதை இறக்கவில்லை. நான் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "காப்பித் தட்டு கொண்டு வரையில மெதுவா நட. தாங்கித் தாங்கி நடந்திராத" என்று காதோரம் சொன்னாள்.

மெதுவாகத்தான் நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த நேரத்தைவிடச் சுவரைப் பார்த்த நேரம் அதிகம்.

"கபடியா? பொம்பளப் பிள்ளையா?" என்றார்.

"ஸ்கூல்ல வெளையாடுனா. பொறவு படிப்புக்காக நிப்பாட்டிட்டா" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லைங்க. முட்டில ஜவ்வு அறுந்துபோச்சு. நடப்பா, வேலைக்குப் போறா, படியேறுவா. ஓடமாட்டா. மறைச்சுக் கட்டிக் கொடுக்க எனக்கு இஷ்டமில்ல."

வந்தவர்கள் காப்பியை முழுக்கக் குடிக்காமலே எழுந்தார்கள். இரண்டு நாளில் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள், காலில் குறையுள்ள பெண் வேண்டாமாம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், ஆனால் மாப்பிள்ளைக்காக இல்லை. "பேசாம அத எறக்கி வச்சிருக்கலாம்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது சுவர் காலியாக இருந்தது. சட்டம் இருந்த இடம் மட்டும் அழுக்குப் படாமல் வெளுப்பாக ஒரு சதுரம். அப்பா அதைப் பாலித்தீனில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டிருந்தார்.

"நான்தான் மாட்டணும்னு நெனச்சேன். ஒனக்கு எடைஞ்சலாப் போச்சு தாயி" என்றார்.

'இல்லப்பா, எடுத்து மாட்டுங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அது அங்கே இருந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாமல் போன சுவரை அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் அப்பா இருந்தவரைக்கும் அது திரும்ப மாட்டப்படவே இல்லை.

அடுத்து வந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். இந்த முறை காப்பித் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "எனக்கு வலது முட்டி சரியில்லைங்க. முதல்லயே சொல்லிடறேன்." அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் என் பக்கமாகத் தலையைச் சாய்த்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. மிஷின் சத்தத்துல எனக்கு எடது காது அவ்வளவாக் கேக்காது" என்றார். திரும்பச் சொன்னேன். "சரிங்க. அப்ப எனக்குக் காது, உங்களுக்குக் காலு" என்றார். அப்பா சத்தம்போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. அப்பாவின் கம்பெனியில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். வேலையில்லாத நாட்களிலும் அவர் காலையில் குளித்துக் கிளம்பிப் போய்க் கேட் முன்னால் நின்றுவிட்டு வருவாராம். ஒரு நாள் அப்படிப் போனவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா, "சாமி, உங்கொப்பன் ஒரு சொல்லு தப்பாப் பேசுன மனுசன் இல்ல கண்ணு" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு அன்று அழுகையே வரவில்லை. உறவுக்காரர்கள் அதையும் பேசினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மாவை என்னோடு கூட்டிப் போக அந்த வீட்டைக் காலி செய்தோம். என் கணவர் பரண்மேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பழைய பாத்திர மூட்டைக்கு அடியில் சட்டம் குப்புறக் கிடந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எத்தனை கோடை அதன்மேல் இறங்கியிருக்குமோ. பாலித்தீனைப் பிரித்து நிமிர்த்தினோம். குப்புறக் கிடந்ததில் அட்டை வளைந்து பனியன் கண்ணாடிமேல் சாய்ந்துவிட்டிருந்தது. நான் தாழ்ப்பாளைத் திருகிப் பனியனை மெதுவாக உயர்த்தினேன். பிசுக்கென்று ஒரு சத்தம். துணி கையோடு வந்தது, நம்பர் வரவில்லை. அந்த நாலு, கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பனியனின் நெஞ்சில் நாலு இருந்த இடத்தில் மங்கலான ஒரு தடம்தான் இருந்தது.

அப்போதுதான் அழுதேன். அந்த வெறுந்தரையில் உட்கார்ந்து, அப்பா செத்த அன்று அழாததையும் சேர்த்து அழுதேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கபடி எனக்கு அலுக்கவே இல்லை என்பதை, டாக்டரிடம் சொன்னது பொய் என்பதை, அப்பாவின் கையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன் என்பதை. "அவர்ட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரலில் அழுகை இல்லை.

"அவியளுக்குத் தெரியும்ளா" என்றாள். "பஸ்ஸுலயே தெரிஞ்சுபோச்சாம். அடுத்த வாரம் கம்பெனிக்கு லீவு போட்டுட்டுத் தனியா அந்த டாக்டர்ட்டப் போனாவ. எப்படியாவது செஞ்சு வைங்கன்னு கேட்டாவளாம். செய்யலாம், ஆனா பழைய மாதிரிக் காலைப் புடிச்சு வெளையாடுவான்னு என்னால உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாராம். அவிய வந்து எங்கிட்டச் சொல்லி, பிள்ளைட்டச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கினாவ. அவளா வேண்டாம்னு சொன்னதாவே இருக்கட்டும், முடியாதுன்னு இன்னொருத்தர் சொல்லி அவ கேக்க வேண்டாம்னு."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே அறையில் மூன்று பேரும் இத்தனை வருஷம் தின்று, படுத்து, எழுந்திருக்கிறோம். நான் அவருக்காக மறைத்ததை அவர் தெரிந்து வைத்திருந்தார். அவர் எனக்காக மறைத்ததை நான் தெரிந்துகொள்ள அவர் இறந்துபோக வேண்டியிருந்தது. அவரை வருகிறவர்களிடமெல்லாம் 'சரியாயிரும்' என்று சொல்லும் வெள்ளந்தி மனிதர் என்று நினைத்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவள் நான்.

பழைய கடைக்காரரிடமே சட்டத்தை எடுத்துப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அப்பாவைச் சொன்னதும் தெரிந்தது. "தாழ்ப்பா வெச்சுக் கேட்டவருங்களா?" என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கண்ணாடி புதுசு போட்டர்லாமுங்க. நம்பர் வராதுங்க அம்முணி. சொரண்டி எடுத்தா பொடியாப் போயிரும். வேணும்னா அதே மஞ்சளுக்கு அதே மாதிரி நம்பர் அடிச்சுக் குடுக்கற பிரிண்டிங்காரரு நெறையப் பேரு இருக்காங்க." யோசித்தேன். இந்த ஊரில் அது பெரிய வேலையே இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேண்டாம் என்றேன். பழைய கண்ணாடியையே துடைக்காமல் போட்டு, துணியை அது படாமல் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். அட்டை வெட்டுகிறதும் ஊசி குத்துகிறதும் நானே செய்தேன். அப்பா செய்த அளவுக்கு வரவில்லை. வலது தோள் பக்கம் கொஞ்சம் தொங்கிப் போயிருக்கிறது.

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கத் தடையில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறோம். யாராவது வந்தால் அம்மா சொல்கிறாள், எந்த ஊர்ப் போட்டி, எத்தனை பேரைப் பிடித்தேன் என்று. ஒன்பது என்பதைச் சில நாள் பன்னிரண்டு என்று சொல்லிவிடுகிறாள். நான் அவளைத் திருத்துவதில்லை, எழுந்து வெளியே போவதுமில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன். வந்தவர்கள் முட்டியைப் பற்றி விசாரித்தால், ஜவ்வு அறுந்துவிட்டது, இனி ஆட முடியாது என்று நானே சொல்லிவிடுகிறேன்.